ரயிலும் ஓடட்டும்... படிப்பும் ஓடட்டும்!

"டேய், மணி எட்டாச்சு. புஸ்தகத்தை எடுடா!"

"இதோம்மா... இந்த ஒரு பெட்டியை மட்டும் மாட்டிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்!"

அந்த அஞ்சு நிமிஷம் ஐம்பது நிமிஷமாகிறது. ஹாலில் பாதி இடத்தைத் தண்டவாளம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆபீஸிலிருந்து களைத்து வரும் அப்பாவின் காலில் குட்டி சிக்னல் கம்பம் நறுக்கென்று குத்துகிறது. அவ்வளவுதான்! "எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போடு. பத்தாவது பரீட்சை முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரே சத்தம். பையன் முகம் சுண்டிப் போகிறது. அம்மா நடுவில் நின்று தவிக்கிறாள்.

யார் பக்கம் நியாயம்? சொல்லப்போனால் ரெண்டு பேர் பக்கமும்தான். படிப்பு முக்கியம் என்று அப்பா நினைப்பதில் தப்பில்லை. தன் கையால் ஒன்றை உருவாக்கும் சந்தோஷத்தைப் பையன் விட மறுப்பதிலும் தப்பில்லை. ரெண்டையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் எப்படி ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

மாடல் ரயில் ஹாபி நம் ஊரில் சில வீடுகளில்தான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவோ மாமாவோ ஒரு செட் வாங்கிவந்து கொடுப்பார். அதில் பிடித்துக்கொள்ளும் பைத்தியம்! உங்கள் வீட்டில் ரயிலுக்குப் பதில் ஸ்டாம்பு, கீபோர்டு, செஸ், மீன் தொட்டி என்று வேறு ஏதாவது இருக்கலாம். இங்கே சொல்லும் யோசனைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும். பையன் என்று எழுதியிருக்கும் இடத்தில் பெண் குழந்தையையும் சேர்த்துப் படியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கப் பெண் குழந்தைகளுக்கும் ஆசை உண்டு. நாம்தான் கையில் கொடுப்பதில்லை!

பொம்மையா... ஹாபியா?

சாவி கொடுத்தால் 'கடகட'வென்று ஓடி, சுவரில் முட்டி நிற்பது பொம்மை ரயில். மாடல் ரயில் அப்படி இல்லை. நிஜ ரயிலை ஒரு கணக்குப்படி சுருக்கிச் செய்வது. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1859-ல் தொடங்கியது. 1891-ல் லைப்சிக் கண்காட்சியில், தண்டவாளத்தையும் பெட்டிகளையும் தனித்தனியாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போகும்படியான ரயில் செட்டை அது வைத்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் ரயில் செட்டுகளை விற்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து இது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் ஹாபியாகிவிட்டது.

இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவுக்கு 'ஹெச்.ஓ.' என்று பெயர். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 'என்' என்ற அளவு இன்னும் சின்னது. 160-ல் ஒரு பங்கு. இடம் குறைவான ஃபிளாட்டுகளுக்கு இதுவே சௌகரியம்.

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் காலம் காலமாகத் தயாரான ரயில் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 24 1/2 சென்டிமீட்டர். 160-ஆல் வகுத்தால் 13 சென்டிமீட்டர் சொச்சம். "இந்தக் கணக்கைப் போடுடா" என்று நோட்டில் கொடுத்தால் கொட்டாவி விடும் பையன், அட்டையில் பெட்டி வெட்டும்போது தானாகவே போட்டுப் பார்ப்பான். தப்பாகப் போட்டால் பெட்டி பாலத்தில் இடிக்கும்... வாத்தியார் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை!

இதனால என்ன பிரயோஜனம்?

பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்கட்டும், பதில் இருக்கிறது.

நிஜ ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஹெச்.ஓ. ரயில் ஒரு விநாடிக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும்? 32 சென்டிமீட்டர். வேகம், காலம், விகிதம் எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது.

பெரும்பாலான செட்டுகளில் ரயில் ஓடுவது நேர்மின்னோட்டத்தில். ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ். போன வழியே ரயில் திரும்பி வரட்டும் என்று வளையம் போட்டால் என்ன ஆகும்? இடது தண்டவாளம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தைத் தொடும். ஷார்ட் சர்க்யூட்! ரயில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பையனுக்கு மின்சுற்றுப் பாடத்தை யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டாம்.

அட்டையை அடுக்கி மலை செய்து ரயிலை ஏற்றினால், 100 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு மேல் பல எஞ்சின்கள் திணறும். சக்கரம் வழுக்கும். "அப்போ ஊட்டி ரயில் எப்படிப்பா ஏறுது?" என்ற கேள்வி வரும். மேட்டுப்பாளையம் - ஊட்டிப் பாதையில் செங்குத்தான பகுதி சுமார் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். அதனால்தான் கல்லாறு முதல் குன்னூர் வரை நடுவில் பல் வைத்த தண்டவாளம். உராய்வு என்றால் என்ன என்பது அங்கேயே புரிந்துவிடும்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். சிலர் மேஜைக்கு மேலே வீடு, மரம் என்று அழகுபடுத்துவார்கள். வேறு சிலர் மேஜைக்குக் கீழே படுத்து, டெலிபோன் ரிலேக்களை வைத்து சிக்னல் ஓயரிங் செய்வார்கள். 1950-களின் கடைசியில் அந்தக் கீழே படுத்த கோஷ்டிதான் கல்லூரிக் கம்ப்யூட்டர் பக்கம் போய், ராத்திரி பகலாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது. இன்று நாம் சொல்லும் 'ஹேக்கர்' என்ற வார்த்தையே அந்தக் கிளப்பின் பேச்சு வழக்கிலிருந்து பரவியதுதான்.

உடனே, "அப்போ என் பையன் எம்.ஐ.டி. போயிடுவானா?" என்று கணக்குப் போடாதீர்கள்! ஹாபி என்பது நுழைவுத் தேர்வுக்கான டியூஷன் இல்லை. கை, கண், பொறுமை, ஒரு தப்பைத் தானே தேடித் திருத்தும் பழக்கம்... இவை வளரும். அதுவே போதாதா?

சண்டை ஏன் வருகிறது?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிரிக்கெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. இருட்டினால் பந்து தெரியாது. சினிமா ரெண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மாடல் ரயிலுக்கு மட்டும் முடிவே கிடையாது. ஒரு ஸ்டேஷன் கட்டினால் அதற்கு பிளாட்பாரம் வேண்டும். பிளாட்பாரம் வந்தால் விளக்கு வேண்டும். விளக்குக்கு ஓயர் வேண்டும். இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்.

பாதியில் நிறுத்திய வேலை மனசை இழுத்துக்கொண்டே இருக்கும். சரித்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண் எழுத்தில், மனசு தண்டவாளத்தில்! "ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கான், ஒண்ணும் ஏறலையே" என்று நீங்கள் புலம்புவது இதனால்தான்.

இதற்கு மருந்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொடுப்பது. "இன்னிக்கு ரயில் வேலை" என்று சொல்ல விடாதீர்கள். "இன்னிக்கு ரெண்டு மரம்", "இன்னிக்கு ஒரு பெட்டிக்கு பெயின்ட்", "இன்னிக்கு ஒரு பாயின்ட்டுக்கு ஓயர்" என்று அரை மணியில் முடிகிற மாதிரி ஒன்றை அவனே எழுதி வைக்கட்டும். முடித்ததும் டிக் அடிக்கட்டும். முடிந்த வேலை மனசை இழுக்காது.

இன்னொரு தந்திரம் இந்த ஹாபியிலேயே இருக்கிறது. வெள்ளைப் பசை நன்றாகக் காய மணிக்கணக்காகும். பெயின்ட்டும் அப்படியே. அந்த நேரத்தில் தொட்டால் கெட்டுப்போகும். ஒட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, கணக்கு நோட்டை எடுக்க இதைவிட நல்ல நேரம் ஏது? "பசை காயட்டும், நீ படி" என்று சொல்லிப் பாருங்கள். "படி படி" என்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்!

வீட்டுக்கு ஒரு டைம்டேபிள்

ரயிலைப் பிடித்த பையனுக்கு டைம்டேபிள் என்றால் உயிர். அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டுக் கொடுக்காமல், அவனையே உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் மூன்றே நிபந்தனைகளை மட்டும் வையுங்கள்.

ஒன்று, தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. இதில் கைவைக்கக் கூடாது, படிப்புக்காகவும் கூடாது.

ரெண்டு, வெளி விளையாட்டு. 5 முதல் 17 வயது வரை தினம் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரயில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதை விளையாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று, வீட்டுப்பாடம். அன்றன்றைக்கு உள்ளது அன்றன்றைக்கே.

இந்த மூன்றும் போக மிச்சமிருப்பது அவனுடையது. பள்ளி நாளில் அரை மணியிலிருந்து முக்கால் மணி, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மூன்று மணி என்பது பல வீடுகளுக்கு ஒத்துவரும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரயிலை நிறுத்திவிடுவது நல்லது. சூடாகிப்போன மூளை உடனே தூங்காது.

சில நாள் வண்டி லேட்டாகும். விருந்தாளி வருவார்கள், கரென்ட் போகும், ஜுரம் வரும். லேட்டான வண்டியை யாரும் உடைத்துப் போடுவதில்லையே! மறுநாள் சரியான நேரத்துக்குக் கிளம்பினால் போதும்.

மார்க் வாங்கினா எஞ்சின்!

"கணக்குல 90 வாங்கு, புது எஞ்சின் வாங்கித் தர்றேன்." இதைச் சொல்லாத அப்பா உண்டா? கொஞ்சம் பொறுங்கள்.

1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மனோதத்துவ நிபுணர்கள் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் சிலரிடம், "படம் போட்டால் சர்ட்டிஃபிகேட் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகளுக்கு, தானாக வரையும் ஆசை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது! பரிசு வந்ததும் வேலை 'வேலை'யாகிவிட்டது.

நம் கதைக்கு வருவோம். எஞ்சினுக்காகக் கணக்குப் படிக்கிற பையன், கணக்கை ஒரு டோல்கேட் மாதிரி பார்க்க ஆரம்பிக்கிறான். காசு கட்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான். மார்க் 84 என்று வந்தால்? ரயிலும் போச்சு, கணக்கு மேலிருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் போச்சு.

தண்டனையும் இதே மாதிரிதான். "மார்க் குறைஞ்சா எல்லாத்தையும் குப்பையில போட்டுடுவேன்" என்றால், அடுத்த முறை பிராகரஸ் ரிப்போர்ட் உங்கள் கைக்கு வராது. பையன் திருட்டுத்தனமாகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்வான். ரயிலைப் பிடுங்கப் போய் நம்பிக்கையை இழக்க வேண்டுமா?

பிறந்தநாளுக்கு, தீபாவளிக்கு என்று ஹாபிக்கான சாமான் வாங்குங்கள். மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பரீட்சை வருஷம் வந்துவிட்டால்...

பத்தாவது, பிளஸ் டூ என்றதும் பரணில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். ரயிலை நிறுத்தலாம், தண்டவாளத்தைப் பிடுங்க வேண்டாம்!

வருஷ ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை வழக்கமான டைம்டேபிளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும். அதிலும் புதுசாக எதையும் கட்டுவதில்லை, புதுச் சாமான் வாங்குவதில்லை. இருக்கிறதைத் துடைத்து ஓட்டிப் பார்ப்பதோடு சரி. தினம் படித்துக் களைத்தபின் பத்து நிமிஷம் ஒரு வண்டி சுற்றி வருவதைப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. டி.வி.யைவிட, செல்போனைவிட இது எவ்வளவோ தேவலை. பத்து நிமிஷத்தில் நிறுத்தவும் முடியும்.

கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் என்ன தேதி? அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். 'ரயில் மறுபடி ஓடும் நாள்'. அன்றைக்குக் கட்டாயம் ஓட வேண்டும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. பரீட்சை மோசமாக எழுதியிருந்தாலும் ஓட வேண்டும். நீங்கள் கொடுத்த வார்த்தையை நீங்கள் காப்பாற்றினால்தான், "இந்தச் சப்ஜெக்ட்ல தோத்துடுவேன் போலிருக்குப்பா" என்று உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் அவனுக்கு வரும். ரிசல்ட் சமயத்தில் ஒரு பிள்ளைக்கு வேண்டியது அந்த தைரியம்தானே?

உடம்பையும் கொஞ்சம் கவனிங்க!

மாடல் ரயிலில் கத்தி, பசை, பெயின்ட், மின்சாரம் எல்லாம் உண்டு. பயப்பட வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.

* கண்: சின்னச் சாமானை மூக்குக்கு அருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். நல்ல மேஜை விளக்கு வேண்டும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் வெயில் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

* முதுகு, கழுத்து: தரையில் குப்புறப் படுத்தோ, குனிந்தோ மணிக்கணக்காக வேலை செய்யக் கூடாது. பிளைவுட் பலகையில் தண்டவாளத்தைப் பொருத்தி மேஜை மேல் வையுங்கள். வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். பெருக்கவும் இடம், நடக்கவும் இடம்!

* தூசி: கட்டிலுக்கு அடியில் வைக்கும் பலகையைப் பழைய பெட்ஷீட்டால் மூடிவையுங்கள். வீசிங் உள்ள குழந்தையாக இருந்தால் தூசி தட்டும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

* ஓட்டும் பசை: 'சூப்பர் குளூ' வகை பசையில் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பலவந்தமாகத் திறக்காமல், தண்ணீர் விட்டு அலசி, உடனே கண் டாக்டரிடம் போங்கள். பருத்தித் துணியில் நிறையக் கொட்டினால் அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஆகவே துணியால் துடைக்கக் கூடாது.

* சால்டரிங்: விவரம் தெரிந்த வயதுக்குப் பின், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பல சால்டர் கம்பிகளில் ஈயம் இருக்கிறது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடக் கூடாது. அந்தப் புகை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் என்றால் மொட்டை மாடிதான்.

* மின்சாரம்: அமெரிக்காவிலிருந்து வந்த செட்டா? அதன் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகினால் புகைந்துவிடும். செருகுமுன் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ரயிலுக்குப் போவது 12 வோல்ட் அளவுதான் என்றாலும், சுவர்ப்பக்கம் இருப்பது உயிரைக் குடிக்கும் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மரைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

* வீட்டில் கைக்குழந்தை இருந்தால்: பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தங்கள் ரெண்டும் ரொம்ப ஆபத்து. பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் ரெண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், குடலின் ரெண்டு பக்கச் சுவரையும் நடுவில் பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்காமல், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செலவு கட்டுப்படியாகுமா?

நல்ல எஞ்சின் ஒன்றே ஆயிரக்கணக்கில் ஆகும். நடுத்தரக் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் காசு இல்லை. "நம்மால இவ்வளவுதான் முடியும்" என்று பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொன்னால் புரிந்துகொள்வான். வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, எதை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவனிடமே விடுங்கள். ஆறு மாதம் சேர்த்து ஒரு சாமான் வாங்குகிறவனுக்குப் பணத்தின் அருமையை யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வாங்குவது மட்டுமா ஹாபி? பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஸ்டேஷன், தேங்காய் நாரில் மரம், மரத்தூளில் பச்சைச் சாயம் தோய்த்துப் புல், ஐஸ்கிரீம் குச்சியில் பிளாட்பாரம்... கையால் செய்ததுதான் கடைசிவரை நினைவில் நிற்கும். ரயில்வேயில் ரிட்டயரான தாத்தா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம். பொன்மலை வொர்க்‌ஷாப் கதையைச் சொல்ல அவருக்கும் ஒரு ஆள் கிடைத்தாயிற்று! லீவு நாளில் சென்னை ஐ.சி.எஃப். அருகே உள்ள ரயில் மியூசியத்துக்கோ, திருச்சி ரயில்வே மியூசியத்துக்கோ ஒரு நடை கூட்டிக்கொண்டு போங்கள்.

மீசை முளைக்கிற வயசு

13, 14 வயதில் ஒரு மாற்றம் வரும். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அவசர அவசரமாக ரயில் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். "என்னடா, இன்னும் பொம்மை வெச்சு விளையாடறியா?" என்று யாரோ ஒருவன் சிரித்திருப்பான். அந்த வயதில் அந்தச் சிரிப்பு ஊசி மாதிரி குத்தும்.

இந்தச் சமயத்தில் வீட்டிலும் யாராவது, "மீசை முளைச்சும் குழந்தை புத்தி போகல பாரு" என்று சொன்னால் தீர்ந்தது. தயவுசெய்து சொல்லாதீர்கள். பாட்டுப் பாடி உலகப் புகழ் பெற்ற ராட் ஸ்டீவர்ட் பல வருஷம் உழைத்துத் தன் வீட்டில் ஒரு பெரிய மாடல் நகரத்தையே கட்டினார். 2019-ல் அதை ஒரு ரயில் பத்திரிகையில் காட்டினார். ஹாம்பர்க்கில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள், வளர்ந்து தொழில் செய்துகொண்டிருந்தவர்கள், 2001-ல் திறந்த மாடல் ரயில் உலகம் உலகிலேயே பெரியதாக வளர்ந்துவிட்டது. இதைப் பையனிடம் சொல்லுங்கள். ஆனால் பிரசங்கம் பண்ணாமல் போகிற போக்கில் சொல்லுங்கள்.

சில பிள்ளைகள் அந்த வயதில் நிஜமாகவே ரயிலை விட்டுவிடுவார்கள். ஆசை வேறு பக்கம் போகும். அதுவும் வளர்ச்சிதான். "இவ்வளவு செலவு பண்ணி வாங்கினோமே!" என்று குத்திக் காட்ட வேண்டாம். சாமான்களைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, பெட்டிமேல் பெயர் எழுதி வையுங்கள். நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் இரும்புத் தண்டவாளம் சீக்கிரம் துருப்பிடிக்கும். காலேஜ், ஹாஸ்டல், வேலை, கல்யாணம் எல்லாம் முடிந்து, தன் குழந்தைக்காக அதே பெட்டியை அவன் மறுபடி திறக்கலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஹாபி சந்தோஷம் தரும்போது பிரச்னை இல்லை. வேறு எதிலிருந்தோ ஓடி ஒளியும் இடமாக அது மாறும்போதுதான் கவனிக்க வேண்டும்.

* ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அடம். காலையில் வயிற்றுவலி, தலைவலி.
* இருந்த நண்பர்களையும் விட்டுவிட்டு எப்போதும் தனி அறை.
* சாப்பாடு, தூக்கம் குறைவது. காரணமில்லாமல் எரிச்சல், அழுகை.
* திடீரென்று மார்க் சரிவது.
* பிடித்த ரயிலைக்கூடத் தொடாமல் விடுவது. "எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று ஆசை ஆசையாய்ச் சேர்த்த சாமான்களைத் தூக்கிக் கொடுத்துவிடுவது.

இப்படி ரெண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகக் கடைசியில் சொன்னது நடந்தால், நாளை கடத்தாதீர்கள். ஸ்கூலில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, பாடம் புரியவில்லையா என்று பொறுமையாக விசாரியுங்கள். குழந்தை டாக்டரையோ மனநல டாக்டரையோ பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-ல் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாகப் போகிறேன் என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொரு சந்தேகமும் சிலருக்கு வரும். "எப்பப் பார்த்தாலும் ரயில் ரயில்னே பேசறானே, ஆட்டிசமா இருக்குமோ?" ரயில் மேல் ஆசை இருப்பதால் மட்டும் அப்படி முடிவு கட்ட முடியாது. எத்தனையோ குழந்தைகளுக்கு ரயில் என்றால் உயிர். முகம் பார்த்துப் பேசுவதில் கஷ்டம், மற்ற குழந்தைகளோடு பழகத் தெரியாமை, வழக்கம் சின்னதாக மாறினாலும் தாங்கமுடியாமை, சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வது போன்றவை சிறு வயதிலிருந்தே சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. அப்படியே இருந்தாலும் ரயிலைப் பிடுங்காதீர்கள். அந்தக் குழந்தையோடு பேச, விளையாட, கற்றுக்கொடுக்க அதுவே நல்ல வழியாக அமையும்.

கடைசியாக ஒரு வார்த்தை...

வாரத்தில் ஒரு நாள், ஒரு அரை மணி நேரம், நீங்களும் தரையில் உட்காருங்கள். யோசனை சொல்ல வேண்டாம், மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம். "நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்று கேளுங்கள். கேட் மூடுகிற வேலையைக் கொடுப்பான். ஒழுங்காக மூடுங்கள்! கைகள் வேலையில் இருக்கும்போது பிள்ளைகளின் வாய் தானாகத் திறக்கும். கிளாஸில் நடந்தது, பயமுறுத்துகிற வாத்தியார், புரியாத பாடம்... எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்தப் பேரன்ட்ஸ் மீட்டிங்கிலும் உங்களுக்குக் கிடைக்காத விஷயங்கள் அவை.